சொன்னதைச் செய்யவில்லை

— கையெழுத்து போட்டியா இல்லியா? அத்த மொதல்ல சொல்லுக்கா.

— இன்னும் இல்ல சிஸ்டர். இதோ, மடிச்சி ஜாக்கெட்டுக்குள்ள வச்சிகினு கீறேன். வேர்வைல நனைஞ்சே பூட்ச்சி.

— நனையட்டும். கிழிஞ்சா இன்னும் நல்லது. செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வா. இந்த மாஸ்க்க கட்டிக்க. திரும்பு, கவுனுக்கு நான் முடிச்சு போடறேன்.

— பாக்குற நேரம் சாயங்காலம் நாலு மணி தானே? இப்ப பத்தரை கூட ஆவல. எதுக்கு சிஸ்டர் கூப்ட்டே? பூட்டாரா?

— ஐய, இன்னா பேச்சுக்கா இது? உன் வூட்டுக்காரரு இருக்காரு. அத சொல்லத்தான் கூப்ட்டேன்.

— பெரிய டாக்டரு நேத்து வேற மாரி சொன்னாரே. "பூவம்மா, பதிமூணு நாளு ஆச்சு, லோகநாதன் இனிமே எழுந்திருக்க மாட்டாரு. மிஷின்ல தான் மூச்சு ஓடுது. வூட்டுக்கு இட்டுகினு போய் நிம்மதியா வுட்டுடுங்க"ன்னாரு. அத்த கேட்டுட்டு எங்க சின்ன மாமனாரு காலடிப்பேட்டைல சாமியானாக்கு சொல்லிட்டாரு.

— ஆளு மூச்சு வுட்டுகினு இருக்கும்போதேவா?

— கல்யாண மாசம் சிஸ்டர். அப்பால கெடைக்காதுன்னாரு.

— நல்லா கீது உங்க குடும்பம். அந்த பேப்பர குடு. படிச்சியா இத்த?

— எழுத்து கூட்டி படிச்சேன். பாதில கண்ணு இருட்டிட்ச்சி.

— நான் படிக்கிறேன், கேளு. 'நோயாளி லோகநாதனின் மனைவியாகிய நான், மருத்துவர்கள் எடுத்துச் சொன்னதை முழுமையாகப் புரிந்துகொண்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில் செயற்கை சுவாசத்தை நிறுத்தி அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். இதனால் நேரும் எதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல.' முழுமையா புரிஞ்சிதா உனுக்கு? உன் சொந்த விருப்பமா இது?

— என் விருப்பத்த யாரு கேட்டா? பன்னெண்டு மணிக்கு ஆம்புலன்சு வருதுன்னாங்க. அத்த தான் கேட்டேன்.

— பெரிய டாக்டரு ரவுண்ட்சும் பன்னெண்டு மணிக்குத் தான். நமக்கு ஒண்ணரை மணி நேரம் கீது. வா. ஒயருங்க மேல கால் வைக்காத. ரெண்டாவது பெட்டு. பாரு.

— சிஸ்டர்... கண்ணு. கண்ணு தொறந்து கீது!

— ம்.

— யோவ். யோவ், நான் தான்யா. ஐயோ, என்னத் தான் பாக்குறாரு. பதிமூணு நாளா மூடியே கெடந்த கண்ணு. எப்டி சிஸ்டர்?

— காலைல ஆறரைக்கு மயக்க மருந்த நிறுத்திட்டேன்.

— மயக்க மருந்தா? அடிபட்டதால தானே மயக்கம்?

— மொத நாளு அடிபட்டதால. அப்பால நாங்க குடுத்ததால. இந்த ஊசிய தள்ளிகினே இருக்கே ஒரு பம்பு, இதான். ராவும் பகலும் தூக்கம் ஏத்திகினே இருந்துது. வாயில கொழா இருந்தா மனுசன் திமிருவான், இஸ்து எறிஞ்சிடுவான். இங்க ஆறு பெட்டுக்கு ஒரு நர்சு. தூங்க வச்சா தொல்ல இல்ல. கையையும் கம்பில கட்டிட்டா இன்னும் தொல்ல இல்ல.

— அப்போ அவரு எழுந்திரிக்காதது...

— நாங்க எழுப்பாததால. முழுசா எழுப்பல. ரவுண்ட்ஸ் நேரத்துல மருந்த கொஞ்சம் கொறைப்பாங்க, காதாண்ட கத்துவாங்க, கைய அழுத்துன்னு சொல்லுவாங்க. அழுத்தலேன்னா திரும்ப ஏத்திடுவாங்க.

— இன்னிக்கு மட்டும் ஏன் நிறுத்துன?

— ஃபவாஸ்னு புதுசா ஒரு டூட்டி டாக்டரு வந்து கீறாரு, வண்ணாரப்பேட்டைக்காரரு. ப்ரவுசிங் சென்டர்ல குந்தி ஒரு ஆராய்ச்சிய பிரிண்ட் எடுத்துகினு வந்தாரு. அமெரிக்கால செஞ்சது, ரெண்டாயிரத்துல, இப்ப ரெண்டு வருசம் ஆவுது. தினம் காலைல மயக்க மருந்த சுத்தமா நிறுத்தணும். ஆளு முழிக்கட்டும். முழிச்சா பேசு, பாரு. தேவைன்னா அப்பால குடு. அப்டி செஞ்சவங்க ரெண்டு மூணு நாளு முன்னாடியே மிஷின்லேர்ந்து வெளிய வந்துட்டாங்களாம்.

— பெரிய டாக்டருக்கு தெரியாதா அது?

— குடுத்தோமே. மடிச்சு காபி டம்ளருக்கு அடில வச்சாரு. 'ஒரு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கற ஊர்ல எழுதினது இது'ன்னாரு. அது பொய்யும் இல்ல. எரிச்சலே அதான். பொய்யா இருந்தா சண்ட போட்டிருப்பேன்.

— நீ சண்டக்காரி தான்னு வெளிய பேசிக்கிறாங்க.

— பேசட்டும். காலைல அவரு மணலில ஒரு கேம்புக்கு போய்ட்டாரு. ஃபவாஸ் சார், 'இன்னிக்கு ஒரு நாள் நிறுத்திப் பாக்கலாமா மதி'ன்னாரு. சரின்னேன். வாயால தான் சொன்னாரு, ஷீட்ல எழுதல. எழுதாத ஆர்டருக்கு யாரு கழுத்து? நர்சு கழுத்து. இப்ப கீழ எமர்ஜென்சில கீறாரு, போன் பண்ணா எடுக்கல.

— உன் வேலைக்கு ஏதாவது ஆவுமா சிஸ்டர்?

— வேல போனா கூட பரவால்ல. என் டிகிரி சர்டிபிகேட்டு ஒரிஜினல் இவங்க பீரோல கீது. ரெண்டு வருசம் போவக் கூடாதுன்னு வாங்கி பூட்டிகினாங்க. வியாசர்பாடில எங்க பிளாக்குல மொத டிகிரி நானு. எங்கப்பா பிரேம் போட்டு மாட்டணும்னு ஒத்த கால்ல நின்னாரு. இப்ப செராக்ஸ் தான் மாட்டி கீது. வர்றவங்க கிட்ட அதுவே ஒரிஜினல்னு சொல்றாரு.

— ஐய, பாவம்.

— பாவம்லாம் இருக்கட்டும். இப்ப கவனி. பன்னெண்டு மணிக்கு அவரு வந்து பாக்கப் போறது ஒண்ணே ஒண்ணு. சொன்னா புரியுதா? கேஸ் ஷீட்ல அஞ்சு நாளா ஒரே வரி தான். 'சொன்னதைச் செய்யவில்லை.' அந்த வரி மாறுனா நீ வச்சிருக்குற பேப்பர் குப்பைக்கு. மாறலேன்னா பம்பு திரும்ப ஓடும், கீழ ஆம்புலன்சு வந்து நிக்கும்.

— மாறும்ல? கண்ணு தான் தொறந்து கீதே.

— நீயே பாரு. லோகநாதன்! லோகநாதன்! என் கைய அழுத்துங்க! அழுத்துங்க! பாத்தியா? முழிக்கிறாரு, அழுத்தல. நாலு மணி நேரமா தொண்ட தண்ணி வத்த கத்தறேன்.

— அவ்ளோ கத்தாத சிஸ்டர்.

— கத்தாம?

— அந்த துணிய மூஞ்சிலேர்ந்து எடுத்துட்டு சொல்லேன்.

— மாஸ்க்கா? நல்ல கதையா கீதே. மாஸ்க் இல்லாம இங்க நின்னா அதுக்கு ஒரு மெமோ. ஏன்?

— சும்மா தான் கேட்டேன்.

— நீ கூப்டு. பொண்டாட்டி கொரலு வேற. சொல்லு, கைய அழுத்துய்யான்னு.

— யோவ்... கைய...

— இன்னா முணுமுணுக்கிற? சத்தமா சொல்லுக்கா.

— எனுக்கு வரல சிஸ்டர்.

— பதிமூணு நாளா வெளிய படிக்கட்டுல குந்திகினு அழுத இல்ல? அப்ப வந்த சத்தம் இப்ப எங்க போச்சு?

— திட்டாத சிஸ்டர். அந்த கைய கொஞ்சம் அவுத்து வுடேன். செவந்து பூட்ச்சி பாரு.

— அவுத்தா கொழாவ புடிச்சி இஸ்துடுவாரு. இஸ்தா நான் செத்தேன்.

— இஸ்க்க மாட்டாரு. நான் புடிச்சிக்கிறேன்.

— வலது கைய மட்டும். கொழாவாண்ட போச்சுன்னா அமுக்கிடணும், தெரிதா? இதோ... அவுத்தாச்சு. பாத்தியா, ஆரம்பிச்சிட்டாரு. ஆறரைலேர்ந்து கட்டுக்குள்ளயே இப்படித் தான் விரல இன்னாத்தையோ பண்ணிகினு கீறாரு. வலிப்போன்னு பயந்துட்டேன்.

— வலிப்பு இல்ல. அது வேலை கை.

— வேலை கையா?

— அவரு சிக்னல்மேனு சிஸ்டர். எண்ணூர் ரோட்டுல இரும்பு யார்டு. கிரேன் மேல அம்பதடி ஒசரத்துல ஜெயவேல் அண்ணன் குந்திகினு இருப்பாரு. கீழேர்ந்து இவரு கையால சொல்லணும். ஏத்து, எறக்கு, மெதுவா, நில்லு. இருபது வருசம் ரெண்டு பேரும் ஜோடி. வூட்ல கூட கொழம்பு போதும்னா வாயால சொல்ல மாட்டாரு, கையத் தான் காட்டுவாரு. கல்யாணம் ஆன புதுசுல எம்மேல கோவம்னு நெனச்சி அழுதுருக்கேன்.

— இப்ப இன்னா சொல்லுது அந்த கை?

— எனுக்கு சாப்பாட்டு கை தான் தெரியும். கிரேன் கை தெரியாது.

— அந்த ஜெயவேல் எங்க?

— வெளிய தான். ஆம்புலன்சுல கூட வர்றேன்னு வந்து கீறாரு. அவரு வோணாம் சிஸ்டர்.

— ஏன் வோணாம்?

— வோணாம்.

— ஒண்ணரை மணி நேரம்னேன், இப்ப ஒரு மணி நேரம் தான் கீது. ஜெயவேல் யாருங்க? வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்பு, செருப்பு! இந்தாங்க மாஸ்க்.

— ஆம்புலன்சு வந்துட்ச்சா சிஸ்டரம்மா? ஸ்ட்ரெச்சர புடிக்க நாலு பேர நிறுத்தி வச்சி... டேய். டேய் லோகு! மெய்யாலுமே முழிச்சிகினு கீறானா? மாமு!

— உங்கள பாத்ததும் கை வேகமா ஆடுது பாருங்கண்ணே. இன்னா சொல்றாரு? நீங்க தான் இருபது வருசமா பாத்த கையாச்சே.

— அது... ஒண்ணுமில்ல சிஸ்டரம்மா. பழக்கம். தூக்கத்துல ஆடற மாரி ஆடுது.

— தூக்கத்துல இல்ல, முழிச்சிருக்காரு. நல்லா பாத்து சொல்லுங்க. ஐயோ, நாலாவது பெட்டு மிஷின் கத்துது. வந்துடறேன். யக்கா, கை மேல கண்ணு இருக்கட்டும்.

— பூவு. இங்க பாரு. அந்த பொண்ணு போய்ட்ச்சா?

— போய்ட்ச்சிண்ணா.

— ஏதாவது சொன்னியா?

— இல்ல.

— நாளைக்கு கம்பெனில என்கொயரி. வாயத் தொறந்த, எல்லாம் காலி. செலவ ஏத்துக்கிறேன்னு கம்பெனி லெட்டர் குடுத்ததால தான் இந்த ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. உன் பொண்ணு ஷாலுவுக்கு ஆபீஸ்ல வேல தர்றேன்னு சொல்லி கீறாங்க. அல்லாம் போய்டும். நானும் மாட்டிக்குவேன்.

— அண்ணா, அவரு முழிச்சிகினு கீறாரு. நம்மள பாக்குறாரு.

— பாக்கட்டும். டாக்டரு பொயைக்க மாட்டான்னு சொல்லிட்டாரு இல்ல? பொயைக்காதவனுக்காக பொண்ணு பொயப்ப கெடுத்துக்காத. நான் உன் நல்லதுக்குத் தான் சொல்றேன்.

— பொயைக்க மாட்டாருன்னு எத்த வச்சி சொன்னாங்கன்னு இப்பத் தான் தெரிஞ்சிச்சி ண்ணா. சொன்னத செய்யலயாம். அத்த வச்சி.

— அதுக்கு?

— அதுக்கா? உனுக்கு தெரியாதா அதுக்கு இன்னான்னு?

— ம்க்கும். நான் அந்தாண்ட போனதும் இந்தாண்ட குசுகுசுன்னு. இன்னா நடக்குது இங்க?

— ஒண்ணுமில்ல சிஸ்டரம்மா. ஆம்புலன்சு பத்தி பேசிகினு...

— நான் உங்கள கேக்கல. யக்கா, நீ சொல்லு. என்ன பாரு. மாஸ்க்க எடுன்றே. கத்தாதன்றே. கூப்டுன்னா வாய் வரலன்றே. புருசன் பொயைக்க வேணாம்னு இருக்கியா?

— ஐயோ, அப்டி நெனச்சா என் வாய் அழுகிடும் சிஸ்டர்!

— அப்ப சொல்லு!

— பூவு, வோணாம்.

— அவருக்கு காது கேக்காது சிஸ்டர்.

— இன்னா?

— ஒம்போது வருசமா. யார்டு சத்தம், இரும்புமேல இரும்பு வுயற சத்தம். மொதல்ல ராத்திரில காதுக்குள்ள விசிலு ஊதுதுன்னாரு. அப்பால ஒரு காது, அப்பால இன்னொண்ணு. ஒதட்ட பாத்து புரிஞ்சிக்குவாரு. ஒதடு தெரியலேன்னா ஒண்ணும் தெரியாது.

— ஒதடு.

— ஆமா சிஸ்டர். நீங்க அல்லாரும் மூஞ்ச கட்டிகினு...

— அஞ்சு நாளு. அஞ்சு நாளா காலைல மூணு வாட்டி, சாயங்காலம் மூணு வாட்டி காதாண்ட கத்தி கீறோம். இவருக்கு மேல வாயே இல்லாத மூஞ்சிங்க வந்து வந்து போயிருக்கு. பேச இருந்த ஒரே வழி கை. அத்தயும் கம்பில கட்டிட்டு, சொன்னதைச் செய்யவில்லைன்னு எழுதி வச்சிருக்கோம். ஏன்கா? கொண்டாந்த அன்னிக்கே ஏன் சொல்லல?

— சக்கர கீதா, பி.பி. கீதா, ஆபரேசன் ஆயி கீதான்னு கேட்டாங்க. காது எப்டின்னு யாரும் கேக்கல.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?

— மாட்டேன்.

— மாட்டியா!

— வேல போய்டும் சிஸ்டர். செவுடன யாரு சிக்னலுக்கு வச்சிப்பாங்க? வருசா வருசம் கம்பெனில மெடிக்கலு. டாக்டரு முதுகுக்குப் பின்னாடி நின்னுகினு சன்னமா ஒரு நம்பர் சொல்லுவாரு, இவரு திரும்ப சொல்லணும். அண்ணன் எதிர்ல கதவாண்ட நின்னுகினு விரல்ல காட்டுவாரு. ஒம்போது வருசம் அப்டித் தான் பாஸ் ஆனாரு.

— நீங்களாண்ணே?

— தோஸ்துக்காக செஞ்சேன் சிஸ்டரம்மா. ஒரு வருசம் டாக்டரு 'அறுபத்தி ஏழு'ன்னாரு, நான் அவசரத்துல எழுபத்தி ஆறுன்னு காட்டிட்டேன். டாக்டரு மறுபடி சொன்னாரு. இவன் என்ன மொறைச்சான் பாரு! கூட வேலை செய்றதுக்கு அவனுக்கு காது எதுக்கு? மேல இருக்கற எனக்கும் கீழ பேசறது கேக்காது. ரெண்டு பேருக்கும் கண்ணு போதும்.

— போதும் போதும். மெமோ வந்தா வரட்டும், மாஸ்க்க எடுக்கிறேன். லோகநாதன். என்ன பாருங்க. என் ஒதட்ட பாருங்க. நான் மதி. நர்சு. என், கைய, அழுத்துங்க.

— சிஸ்டர்?

— அழுத்தறாரு.

— மெய்யாலுமா?

— வலிக்குதுக்கா, அவ்ளோ அழுத்தறாரு. வுடுங்க... வுட்டுட்டாரு! ரெண்டு விரல காட்டுங்க. ரெண்டு! கண்ண மூடுங்க... தொறங்க. யக்கா, புத்தி சுத்தமா கீதுக்கா! நீயும் மாஸ்க்க எடு. மூஞ்ச காட்டு அவருக்கு.

— யோவ். கேக்குதா... ஐய, பாரு என் பேச்ச. புரியுதாய்யா? நீ ஆஸ்பத்திரில கீற. கிரேன்ல தொங்குன இரும்பு காயிலு இடிச்சி வெலா எலும்பு ஒடஞ்சிட்ச்சி. வாயில கொழா கீது, அதான் பேச வரல. இஸ்க்காத. ஷாலு வூட்ல கீது. யோவ், அழுவாதய்யா. கொழால தண்ணி பூந்துடும்.

— அழட்டும்க்கா. பதிமூணு நாளு ஒரு வார்த்த கெடைக்காம கெடந்தாரு. இப்ப தான் எங்க கீறோம்னே தெரியுது. சரி, மணி பதினொண்ணே முக்காலு. ஷீட்ட எடுக்கிறேன்.

— சிஸ்டரம்மா, ஒரு நிமிசம். சொன்னத செய்றாருன்னு மட்டும் எழுதிக்குங்க. காது பத்தி எழுத வேணாம்.

— எழுதாம எப்டிண்ணே? பன்னெண்டுக்கு பெரிய டாக்டரு வந்து, மாஸ்க்க போட்டுகினு, காதாண்ட தான் கத்துவாரு. இவரு முழிப்பாரு. நர்சு பொய் எழுதிட்டான்னு சொல்லிட்டு பம்ப போட்டுடுவாரு.

— அவரு கிட்ட மட்டும் வாயால சொல்லுங்களேன்.

— வாயால, வாயால! ஃபவாஸ் சாரும் வாயால, உங்க கம்பெனி வேலையும் வாயால. எல்லாரும் வாயால சொல்லிட்டு போய்டுவீங்க. மாட்டிக்கறது எவளோ ஒருத்தி. நான் எழுதத் தான் போறேன்.

— ஷீட்டு காப்பி கம்பெனிக்கு போவும்மா! மறைச்சு வேலை செஞ்சான்னு லெட்டர திரும்ப வாங்கிப்பாங்க. நாளைக்கு என்கொயரில தப்பு முழுசும் இவன் தலைல வுயும். பூவு, நீ சொல்லு அந்த பொண்ணுக்கு.

— இரு சிஸ்டர். எய்தாத. ஒரு நிமிசம் இரு.

— யக்கா, நேரம் இல்ல.

— அண்ணன் எய்தி குடுத்து கீறாரு என்கொயரிக்கு. மூணு வாட்டி ஹாரன் அடிச்சேன்னு. இவரு அந்தாண்ட திரும்பி, எதிர்ல நின்ன லாரிக்காரனுக்கு கைய காட்டிகினு இருந்தாராம். காயிலு ஊசலாடி முதுகாண்ட வந்துட்ச்சி. அண்ணன் ஹாரன் மேல ஹாரன். இவரு நவுரல. காது நல்லா இருந்தவன்னா அது விபத்து, யாரு மேலயும் தப்பில்லன்னு முடிச்சிக்குவாங்க. செவுடுன்னு தெரிஞ்சா? தானா தேடிகினான்னு சொல்லுவாங்க. இந்தாண்ட இவரு உசுரு. அந்தாண்ட ஷாலு பொயப்பு. எனுக்கு வெளிய போவ எந்த பக்கம் கதவு சிஸ்டர்?

— எனக்கு தெரியலக்கா. எனக்கே ஒரு கதவு கெடைக்கல இங்க. ஆனா பன்னெண்டு மணிக்கு எந்த கதவ தொறப்பாங்கன்னு தெரியும். அது வழியா போனா திரும்ப வர முடியாது. சாமியானா ரெடியா கீது.

— அவரு கண்ணு என் மேலயே கீது சிஸ்டர்.

— யக்கா.

— எய்து.

— பூவு!

— நீ சும்மா இரு ண்ணா. எய்து சிஸ்டர். தப்பு அவரு மேலயே இருக்கட்டும். கேக்காத காத வச்சிகினு பொய் சொல்லி சம்பாரிச்சோம், துன்னோம். மூணு வாட்டி ஹாரன் அடிச்சும் நவுராத செவுடன்னு எய்திக்கட்டும். லெட்டர் போவட்டும், கெவுருமென்டு ஆஸ்பத்திரில தரையில போட்டு பாத்துக்கிறேன். ஷாலு என்ன திட்டும், திட்டட்டும். திட்றதுக்கு அப்பன்னு ஒருத்தன் கூட இருப்பான்.

— எழுதறேன். 'நோயாளிக்கு ஒன்பது ஆண்டுகளாகக் காது கேட்காது. மயக்க மருந்து நிறுத்தப்பட்டபின் முழு விழிப்புடன் இருக்கிறார். உதட்டையும் கை அசைவையும் பார்த்துச் சொன்னதைச் செய்கிறார்.' இதையே இங்கிலீஷ்ல போட்டு, கீழ என் பேரு, நேரம். முடிஞ்சிது. உன் பேப்பர இப்ப கிழிச்சுக்கலாம்.

— சிஸ்டர், அவரு கை. மறுபடி ஆட்றாரு. அண்ணன பாத்து தான் காட்றாரு.

— ஆமா. விரல கீழ காட்டி காட்டி, அப்பால வாயாண்ட கொண்டு போறாரு. ஐயோ, கொழா! இல்ல, தொடல. இன்னாண்ணே அது? இப்பவாவது சொல்லுங்க.

— எறங்கி வான்றான்.

— எங்கேர்ந்து?

— கிரேன்லேர்ந்து. ஷிப்ட் முடிஞ்சா காட்றது. வேலை முடிஞ்சிட்ச்சி, எறங்கி வா, டீ சாப்டலாம்னு. உள்ள நொழஞ்சதுலேர்ந்து அத்தத் தான் காட்டிகினு கீறான்.

— போண்ணா அவராண்ட. கைய புடிச்சிக்க. ஏன் செவுத்தாண்டயே நிக்கிற?

— எப்டி போவேன் பூவு? தப்பு அவன் மேல இல்ல.

— இன்னா ண்ணா சொல்ற? மூணு வாட்டி ஹாரன் அடிச்ச இல்ல?

— எய்தி குடுத்தேன். அடிக்கல.

— அண்ணா...

— ஒரு வாட்டி கூட அடிக்கல. அடிச்சிருந்தா எதிர்ல நின்ன லாரிக்காரனுக்கு கேட்டிருக்கும், இவன புடிச்சி இஸ்து போட்டிருப்பான். அந்த நேரத்துல எனுக்கு அது தோணவேயில்ல. ஒம்போது வருசமா நான் அந்த ஹாரன தொட்டதே இல்ல பூவு, அவனுக்குத் தான் கேக்காதேன்னு.